எழுதி வைத்த ஊர்

(மதுரையில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போகலாம், ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று வீடுதோறும் பேச்சு நடக்கிற நேரம். தஞ்சாவூரைப் பற்றிப் பேசுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். அண்மையில்தான் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அந்த ஊருக்குப் போய்வந்தோம். அந்த நாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

தஞ்சாவூர் எழுதி வைத்த ஊர். கட்டியதை எழுதி வைத்தார்கள். கொடுத்ததை எழுதி வைத்தார்கள். யாருக்கு எவ்வளவு நெல், யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த விளக்குக்கு எத்தனை ஆடு, எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். சோழர் கல்லில் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் ஓலையிலும் தாளிலும் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளாக எழுத்தை விடாத ஊர் அது. அந்த ஊருக்குப் போய்விட்டு ஒரு வரிகூடப் படிக்காமல் திரும்புவது நியாயமில்லை. தஞ்சாவூர் போகிற குடும்பம் அங்கே ஏதாவது ஒன்றை நின்று படித்துவிட்டு வர வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

பாதையில் தொடங்கும் பாடம்

மதுரையிலிருந்து திருச்சி வழியாக நாலுவழிச் சாலையில் போகலாம், அதுதான் சுலபம். நாங்கள் மேலூர், திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை என்று அந்த வழியாகப் போனோம். அதற்குக் காரணம் உண்டு.

திருமயத்தை நெருங்கும்போது சாலையிலிருந்தே மலையும் கோட்டையும் தெரியும். சேதுபதி மன்னர் காலத்துக் கோட்டை அது. 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. கோட்டைக்குக் கீழே அதே பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில்கள் இருக்கின்றன. அங்கே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளைப் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக்கோட்டை வட்டாரம் முழுவதும் இப்படிப் பாறைகளும் குன்றுகளும்தான். புதுக்கோட்டை தாண்டியதும் நிலம் மாறத் தொடங்கும். செம்மண் வரும், முந்திரிக்காடு வரும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையைச் சுட்டு, உடைத்து, படி போட்டு விற்பார்கள். கந்தர்வக்கோட்டை தாண்டித் தஞ்சையை நெருங்க நெருங்கப் பாறை என்ற பேச்சே இல்லை. ஊருக்குள் நுழையும்போது கல்லணைக் கால்வாய் குறுக்கே ஓடும். அந்த ஊர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். அதற்கு அப்பால் வயல்தான்.

பெரிய கோயில் முழுக்க முழுக்கக் கருங்கல். கோயிலைச் சுற்றி அத்தனை கல்லை வெட்டியெடுக்க மலை எதுவும் கிடையாது. கல் புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியென்றால் நாம் காரில் போகும் இந்தத் திசையில்தான் கல்லும் போயிருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துக்கொண்டு போனால், பிள்ளைகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திச் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். பாறை எங்கே முடிகிறது என்று தேடுவார்கள். பயணத்தின் பாதி நேரம் வண்டிக்குள் கழிகிறது. அந்தப் பாதியும் தஞ்சாவூரைச் சேர்ந்ததாக இருக்கட்டும்.

கட்டியவர் யார் என்பதே மறந்துபோன காலம்

இன்றைக்குச் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜராஜ சோழன் என்று சொல்லும். ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்தவர்கள், 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்களைப் பார்த்தவர்கள், இளவயது ராஜராஜனான அருண்மொழியைத் தேடிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லது. ஆனால் அந்த நாவல் அருண்மொழி அரியணை ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. கோயில் அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில் எழுந்தது. கதை நிற்கிற இடத்திலிருந்து கல்வெட்டு பேசத் தொடங்குகிறது.

இடையில் நெடுங்காலம் இந்தப் பெயர் மக்கள் நினைவிலிருந்தே போயிருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? தலபுராணம் கரிகாலன் கட்டியது என்றது. வேறு சிலர் காடுவெட்டிச் சோழன் என்றார்கள். இத்தனை பெரிய கோயில் ஊர் நடுவில் நிற்கிறது, தினமும் பூசை நடக்கிறது, திருவிழா நடக்கிறது. கட்டியவர் பெயர் மட்டும் மக்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தில், எல்லோர் கண்ணுக்கும் படும் உயரத்தில், வரிவரியாக வெட்டப்பட்டிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற யூஜன் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் அந்த எழுத்துகளைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான் ஐயம் தீர்ந்தது. தொடர்ந்து வெங்கையா போன்ற நம் அறிஞர்கள் அந்தப் பணியை வளர்த்தார்கள்.

சுவரில் எழுதியிருந்தும் படிக்க ஆள் இல்லாததால் ஒரு மாமன்னரின் பெயரே ஊருக்கு மறந்துபோனது. எழுத்து தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. படிக்கிறவர்கள்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

பத்தாயம் வேணுமே

நாங்கள் போவதற்கு முன் நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து சில பக்கங்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இரண்டு பக்கம் போதும்.

காலை வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குள் போய்விட வேண்டும். கேரளாந்தகன் வாயில், அடுத்து ராஜராஜன் வாயில். இரண்டையும் தாண்டி முற்றத்துக்குள் போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஏறத்தாழ 216 அடி உயரம், 13 நிலைகள். அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துவிட்டுக் கண்ணை மெல்லக் கீழே இறக்குங்கள். அடித்தளத்துக்குப் பக்கத்தில் போங்கள். அங்கே எழுத்து தொடங்குகிறது.

பிள்ளைகளுக்கு முதலில் அது கிறுக்கலாகத் தெரியும். ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். அது இன்றைய வடிவத்தோடு நன்றாகவே ஒத்துப்போகும். பிறகு ப, ட, ம, ய. இந்த நான்கும் சட்டென்று பிடிபடும். புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எது எங்கே என்று சொல்லைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். என் மகள் ஒரு வரியில் நான்கைந்து எழுத்தைக் கண்டுபிடித்ததும், தம்பியை விரலால் காட்டிக் காட்டிப் படிக்க வைத்தாள். கல்லைத் தொடாமல் காட்டச் சொன்னேன்; அதையும் சொல்லித்தான் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

என்ன எழுதியிருக்கிறது? ராஜராஜன் தன் சொந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி ஆணையிட்டிருக்கிறார். தன்னுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் தகடு போர்த்திய செப்புக் கலசம் கொடுத்ததை நாள் குறித்து எழுதியிருக்கிறார். கோயிலை எழுப்பிய பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது: குஞ்சரமல்லன். ‘இராசராசப் பெருந்தச்சன்’ என்று மன்னன் தன் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறார்.

நான் கையில் கொண்டுபோனது வேறு ஒரு கல்வெட்டின் நகல். மதில் சுவரில் இருக்கும் நீண்ட பட்டியல் அது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். திருவையாறு, திருவாரூர், திருவிடைமருதூர், நாகப்பட்டினம், பழையாறு என்று அவர்கள் வந்த ஊர்களின் பெயர்கள் வருகின்றன. அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பெயர். தெற்குத் தளிச்சேரி, அதில் தென்சிறகு, தலைவீடு, திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. அடுத்து இரண்டாம் வீடு, இன்னொரு பெயர், பங்கு ஒன்று. இப்படி வீடு வீடாக 400 பேர். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அளக்கிற மரக்கால் எது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள்.

நிழலில் உட்கார்ந்து இதைப் படித்துக்காட்டியபோது என் அம்மா குறுக்கே கேட்டார்.

“ஏப்பா, நூறு கலம்னா மாசத்துக்கா, வருசத்துக்கா?”

“வருசத்துக்கும்மா.”

“அப்ப வீட்டுக்கு வீடு பத்தாயம் வேணுமே!”

“பத்தாயம்னா என்ன அப்பத்தா?” என்று என் மகன் கேட்டான். அம்மா தான் பிறந்த வீட்டுப் பத்தாயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மேலே நெல்லைக் கொட்டுவது, அடியில் சிறு வாய் வழியாக அள்ளுவது, உள்ளே இறங்கிப் பெருக்குவதற்குச் சின்னப் பிள்ளைகளைத்தான் இறக்குவார்கள் என்பது, ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது. நான் புத்தகத்தில் படித்தது வெறும் எண். அதை நெல்லாக, வீடாக, அடுப்படியாகப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் அவர்தான்.

இதனால்தான் வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். மரக்கால், உழக்கு, படி, மா, வேலி எல்லாம் அவர்கள் கையில் புழங்கிய அளவுகள். சோழர் கல்வெட்டில் இருக்கும் பாதி உலகம் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தைக் காரணம் சொல்லி, வெயிலைக் காரணம் சொல்லி, அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பட்டியல் ஆடல் மகளிரோடு முடியவில்லை. நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், வீணை வாசித்தவர்கள், மத்தளம் கொட்டியவர்கள், சங்கு ஊதியவர்கள், கணக்கு எழுதியவர்கள், குடை பிடித்தவர்கள், விளக்கேற்றியவர்கள், தண்ணீர் தெளித்தவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று நீள்கிறது. ஒருவர் இறந்துபோனாலோ வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஒருவரை அமர்த்த வேண்டும் என்று விதியும் எழுதியிருக்கிறது.

விளக்குக் கணக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் இருக்கின்றன. ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். கிழடானதைக் கழித்து, குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. கோயிலின் காசை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போட்டுவிடும். சுவருக்குப் பக்கத்தில் நின்று போட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

எழுதப்படாதவர்கள்

இத்தனை சொன்னவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதியதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, எழுதாமல் விட்டது எது என்று கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த 400 பெண்களும் விரும்பி வந்தார்களா, அழைத்ததால் வந்தார்களா, விட்டுவந்த ஊரில் அவர்களுக்கு யார் யார் இருந்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. குன்றிலிருந்து கல்லை வெட்டியவர்கள், வண்டியில் ஏற்றியவர்கள், மேலே தூக்கி வைத்தவர்கள், அவர்களுடைய பெயர்ப் பட்டியல் இல்லை. நெல் கொடுத்த ஊர்களின் பெயர் இருக்கிறது. அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் பெயர் இல்லை.

இதைச் சொன்னால் கோயிலின் பெருமை குறைந்துவிடாது. அந்தக் காலத்தில் குடை பிடித்தவரையும் துணி வெளுத்தவரையும் அரச ஆவணத்தில் எழுதி வைத்தது பெரிய செயல் என்பதும் உண்மை. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஆயிரமாயிரம் பேர் நின்றார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைதான் வரலாறு படித்த பிள்ளை.

ஒரு வளாகம், பல கைகள்

பெரிய கோயில் முழுவதும் ராஜராஜன் கட்டியது என்று நினைத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். எல்லோரும் முதலில் படம் எடுக்கும் அந்தப் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. நுணுக்கமான தூண்களும் சிற்பங்களும் நிறைந்த முருகன் சன்னதி மீண்டும் நாயக்கர் பணி. பிள்ளையார் சன்னதி மராட்டியர் கை. விமானத்தின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்த உள்சுற்றுக்குள் பொதுமக்கள் போக முடியாது. வளாகத்திலேயே இருக்கும் விளக்கக் கூடத்தில் ஓவியங்களின் படங்களைப் பார்க்கலாம், தவறவிடாதீர்கள். மேல்நிலையில் நாட்டியக் கரணங்களைச் செதுக்கும் பணியில் 81 முடிந்திருக்கிறது. மீதிக்காக வைத்த கற்கள் உளி படாமல் அப்படியே நிற்கின்றன. ஏன் நின்றது என்று பிள்ளைகளே யோசித்துப் பேசட்டும்.

தென்மேற்குப் பக்கம் போனால் எழுத்து மறுபடியும் வருகிறது, இந்தமுறை மராத்தியில். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை 1803இல் அந்தச் சுவரில் வெட்டி வைத்தார். மிக நீளமான கல்வெட்டு அது. சோழன் எழுதிய கோயிலிலேயே, ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின், வேறு மொழி பேசிய ஓர் அரசர் தன் கதையையும் எழுத இடம் தேடியிருக்கிறார். இந்த ஊரின் குணம் வந்தவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வேண்டுகோள். கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று யாராவது சொல்லுவார்கள். காலையில் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். நிழல் முற்றத்தில் நீண்டு கிடக்கும். உச்சிக்கல் பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 400 பேருடைய வீட்டு வரிசையை எழுதி வைத்த கோயிலுக்கு இல்லாத அதிசயம் எதற்கு? உள்ள அதிசயத்தையே நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.

அரண்மனையின் நிழலில் ஒரு மதியம்

பதினோரு மணிக்கு மேல் முற்றத்துக் கல் காலைச் சுடும். பிறகு சன்னதி நடையும் சாத்திவிடும். அந்த நேரத்தை அரண்மனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்த அரண்மனை. அங்கே இரண்டு இடங்கள் போதும்: கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம்.

கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளை எல்லாம் பார்த்துத் தீர்க்க முயலாதீர்கள். ஒன்றின் முன் நில்லுங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகன தேவர். தலையில் பாம்பும் சடையும் சுற்றிச் சுற்றித் தலைப்பாகையாகப் படிந்திருக்கும். ஒரு கால் மற்றதன் முன்னால் மடங்கி நிற்கும். ஒரு கை, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்திருக்கும்; ஆனால் காளை இல்லை. அது கிடைக்கவில்லை. வெற்றிடத்தின் மேல் அந்தக் கை எத்தனை இயல்பாக ஓய்வெடுக்கிறது என்று பாருங்கள். விரல்களைப் பார்த்தாலே காளையின் உயரமும் திமிலும் மனத்துக்கு வந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, “மாட்ட வளர்த்தவந்தான் இந்தக் கையச் செய்ய முடியும்” என்றாள். இந்தத் திருமேனியின் காலமும் நமக்குத் தெரியும். 1011இல் இதைச் செய்தளித்தவர் கோலக்கவன் என்பவர். எப்படித் தெரியும்? திருவெண்காட்டுக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. இங்கேயும் எழுத்துதான் துணைக்கு வருகிறது.

சரசுவதி மகால் நாயக்கர் காலத்து அரண்மனை ஏட்டுக் களஞ்சியத்திலிருந்து வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அதைப் பெரும் நூலகமாக்கினார். தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி எனப் பல மொழிகளில் பல்லாயிரம் சுவடிகள் அங்கே இருக்கின்றன. 1918இல் அது பொதுமக்களுக்கான நூலகமாயிற்று. உள்ளே ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. ஓலையில் எழுதிய நூல்கள், பழைய நிலப்படங்கள், மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் ஒப்பிட்டு லெ ப்ருன் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தவற்றின் அச்சுப் படங்கள். இந்தப் படங்களுக்கு முன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், விட்டுவிடுங்கள்.

சரபோஜிக்கு மருத்துவத்தில் மிகுந்த ஈடுபாடு. தன்வந்திரி மகால் என்ற மருத்துவ ஆய்விடத்தை நடத்தினார். கண் நோயாளிகளைப் பற்றி அங்கே எழுதிய குறிப்புகள், நோயுற்ற கண்ணின் வண்ணப் படங்களோடு இன்றும் இருக்கின்றன. தளிச்சேரி வீட்டு வரிசையை எழுதிய ஊரில், 800 ஆண்டு கழித்து நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்து, வந்த நிலையையும் சிகிச்சையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சரபோஜியின் ஆசான் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில், பெரிய கோயிலிலிருந்து நடந்தே போகும் தொலைவில், 1779இல் கட்டிய அவருடைய தேவாலயம் இருக்கிறது. அவர் மரணப் படுக்கையில் கிடக்க, அருகில் சரபோஜி நிற்கும் காட்சியை ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி வெள்ளைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார். அதைச் செய்துவைத்தவர் சரபோஜி.

சரபோஜியின் அவையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் வளர்ந்தார்கள். இன்று பரதநாட்டிய அரங்கில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுப் பெண் நாட்டிய வகுப்புக்குப் போகிறாளா? அவள் ஆடும் கலையின் பழைய வீட்டு இலக்கங்கள் பெரிய கோயில் மதிலில் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

எதை விடுவது

ஒரு நாள்தானே இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். திருவையாறு, கல்லணை, தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் எல்லாம் தனித்தனி நாள் கேட்கும் இடங்கள். கீழவாசலில் கோட்டைக் கொத்தளத்தின் மேல் சுமார் 22 டன் எடையுள்ள இரும்புப் பீரங்கி இருக்கிறது. வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி இணைத்துச் செய்தது. நேரம் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை.

மாலையில் பெரிய கோயிலுக்கே திரும்பி வாருங்கள். கல் குளிர்ந்திருக்கும். ஊர்க் குடும்பங்கள் புல்வெளியில் வந்து உட்கார்ந்திருக்கும். காலையில் படித்த வரியை மாலையில் ஒருமுறை பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். வெளியே வந்து தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுங்கள். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா சூடாகக் கிடைக்கும், பெரியவர்களுக்கும் ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

முடிக்கும் முன் இரண்டு செய்திகள்.

முதலாவது. நம் பழைய கோயில்களிலும் கோட்டைகளிலும் ஆணியால் கீறிய பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெயர், ஓர் அம்பு, இன்னொரு பெயர். கல்வெட்டின் மேலேயே கீறியிருக்கிறார்கள். நடந்ததையும் கொடுத்ததையும் ஊரறிய எழுதிய சுவர் அது. அதன் மேல் நம் பெயரைக் கீறினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் பெயரை அழிக்கிறோம். நக்கன் சேரமங்கைக்கு அந்த ஒரு வரியைத் தவிர உலகில் வேறு சாட்சி இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே, சுவருக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவது. தமிழகத்தில் படியெடுத்த கல்வெட்டுகள் பல்லாயிரம். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் ஆணையிட்டது, இதே ஊரில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அந்த வழக்குச் செய்தியை நாம் எல்லோரும் பெருமையோடு படித்தோம். மைப்படி சென்னைக்கு வந்தால் மட்டும் போதுமா? அச்சில் வராத கல்வெட்டுகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைப் படித்துப் பதிப்பிக்க ஆள் வேண்டும். கல்வெட்டெழுத்துப் படிக்கிற இளைஞர்கள் வேண்டும்.

ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சுற்றுலா அழைத்துப் போகும்போது ஒரு கல்வெட்டின் அச்சுப்படியை வகுப்பில் முன்கூட்டியே படித்துக்காட்டுங்கள். இந்த வாசகர் வட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: விடுமுறையில் கல்வெட்டெழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றை இதே அரங்கில் தொடங்குங்கள், சொல்லித்தர வரக்கூடியவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தஞ்சாவூர் போவதற்கு முன் ஒரு மாலை அந்த வகுப்பில் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஹுல்ஷ் வந்து படிக்கும்வரை காத்திருந்தது போதும். இனி அந்தச் சுவர்களை நம் பிள்ளைகள் படிக்கட்டும்.